புளி போட்டுத் தேய்த்த துப்பாக்கி

அந்தத் துப்பாக்கியை ஏன் வாங்கினாய் என்று இன்றுவரை கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். என் பதில் மாறியதே இல்லை. விற்றவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை, என் கணவரைப் பார்த்துப் பேசினார். அதனால் வாங்கினேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. டெக்சாஸில், ரிச்சர்ட்சனுக்கு நாங்கள் குடிவந்து மூன்றாவது வருடம். புல் வெட்டும் மெஷின் ஒன்று பழையதாகக் கிடைக்குமா என்று பார்க்க, ஒரு சனிக்கிழமை காலை ஊருக்கு வெளியே கூடும் பழைய சாமான் சந்தைக்குப் போயிருந்தோம். ஒரு மேஜையில் குதிரைச் சேணம், கதவுப் பூட்டு, துருப்பிடித்த மணி இவற்றுக்கு நடுவில் அது கிடந்தது. ஒரு கைத்துப்பாக்கி. ஒரே குழல், மரக் கைப்பிடி. விசையைச் சுற்றி ஒரு பித்தளை வளையம், கைப்பிடியின் அடியில் ஒரு பித்தளைத் தகடு, இரண்டும் கறுத்துப்போயிருந்தன. தோட்டா என்ற ஒன்று வருவதற்கு முந்தைய காலத்துச் சாமான். வாய் வழியாக மருந்தும் குண்டும் போட்டு இடித்து, பின்னால் சின்னதாக ஒரு கேப் மாட்டிச் சுட வேண்டும். தீபாவளிக்கு நாங்கள் வெடித்த கேப்புக்கு இதுதான் மூதாதை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கையில் எடுத்தேன். கேப்பின் தலையில் அடிக்கிற பாகத்துக்குக் குதிரை என்று பெயர். அதைப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை.

துப்பாக்கி என் கையில் இருந்தது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த தொப்பி போட்ட கடைக்காரர் எனக்குப் பின்னால் நின்ற என் கணவரிடம் சொன்னார்: "சார், அது வேலை செய்யாது. சுவரில் மாட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான்."

என் கணவர் அந்தத் துப்பாக்கியைப் பார்க்கக்கூட இல்லை. அவர் கண் இரண்டு மேஜை தள்ளி நின்ற புல்வெட்டியின் மேல் இருந்தது. "இதற்கு லைசென்ஸ், காகிதம் ஏதாவது வேண்டுமா?" என்று நான் கேட்டேன். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட சாமான், ஒன்றும் வேண்டாம் என்று அதற்கும் என் கணவரிடமே பதில் போயிற்று. எனக்கு மூக்கு விடைத்தது. வாங்கினேன். கடைக்காரர் அதைப் பையில் போட்டு என் கணவரிடம் நீட்டினார். நடுவில் கையை விட்டு நான் வாங்கிக்கொண்டேன்.

புல்வெட்டி வாங்கவில்லை. ஃப்ரீவேயில் பாதி தூரம் வந்திருப்போம். "இத எங்க வெக்கப் போற?" என்றார் என் கணவர்.

"வீட்லதான்."

"சிட்டிசன்ஷிப்புக்கு இப்பதான் அப்ளை பண்ணிருக்கோம். இன்டர்வியூல துப்பாக்கி வெச்சிருக்கியான்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"வெச்சிருக்கேன்னு சொல்லுவேன். இது டெக்சாஸ். இல்லேன்னு சொன்னாத்தான் சந்தேகப்படுவாங்க."

அவர் சிரிக்கவில்லை. அவர் பயந்த சுபாவம் என்று நான் சொல்ல மாட்டேன். எந்தக் காகிதத்தையும் மூன்று பிரதி எடுத்து வைக்கிற ஆள். இந்தச் சாமானுக்குக் காகிதமே இல்லை என்பதுதான் அவரை உறுத்தியது.

அப்போது நான் டெலிபோன் சாமான் செய்யும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். சர்க்யூட் போர்டில் ஈயத்தால் பற்றவைத்த ஒவ்வொரு புள்ளியையும் பூதக்கண்ணாடி வழியாகப் பார்ப்பது என் வேலை. சரியாக ஒட்டாத இடத்தின் மேல் இன்னும் கொஞ்சம் ஈயத்தைப் பூசிப் பளபளவென்று ஆக்கி அனுப்பிவிடுவார்கள். பார்த்தால் மற்றதைவிட அழகாக இருக்கும். அதைப் பிடித்துத் திருப்பி அனுப்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம். லைனில் இருந்தவர்களுக்கு என்னைப் பிடிக்காது. எனக்கும் அதில் ஒரு வருத்தமும் கிடையாது.

அந்தக் கண்ணும் கையும் துப்பாக்கிக்கு உதவின. நூலகத்திலிருந்து புத்தகம் எடுத்து வந்தேன். முதல் வேலையாக, குழலுக்குள் குச்சி விட்டு அளந்து, உள்ளே பழைய மருந்தோ குண்டோ தங்கியிருக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டேன். திருகாணிகளின் வெட்டு அந்தக் காலத்தில் மிக மெல்லியதாக இருக்கும். கடையில் வாங்கிய ஸ்க்ரூ டிரைவரைப் போட்டால் தலை சிதைந்துவிடும். அதனால் ஒவ்வொரு திருகாணிக்கும் ஒரு ஸ்க்ரூ டிரைவரை அதன் வெட்டுக்குத் தக்கபடி அரத்தால் ராவிக்கொண்டேன். மூன்று வாரம் எண்ணெயில் ஊறிய பிறகு முதல் திருகாணி அசைந்தது. அன்றைக்கு நான் சாம்பாரில் உப்புப் போட மறந்தேன், யாரும் திட்டவில்லை.

இரும்புத் துருவுக்குப் புத்தகத்தில் ஒரு வழி இருந்தது. பழைய செம்புப் பென்னிக் காசு ஒன்றை எடுத்து, எண்ணெய் தடவி, அதன் விளிம்பால் சுரண்ட வேண்டும். செம்பு இரும்பைவிட மென்மையானது என்பதால் துரு மட்டும் வரும், இரும்பில் கீறல் விழாது. ஒரு கோடைக்காலம் முழுக்கச் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாள் விரித்து பென்னியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்த ஸ்பிரிங்கைக் கழற்றி மாட்ட ஒரு இடுக்கிக்காக எந்தெந்தக் கடையோ அலைந்தேன். ஆகஸ்டில் ஒரு மாலை குதிரையை இழுத்தபோது அது பாதியில் ஒரு தடவை, முழுசாக ஒரு தடவை, கிளிக் என்று நின்றது. சுவரில் மாட்டத்தான் லாயக்கு என்றாரே, அவரை அந்த நிமிடம் நினைத்துக்கொண்டேன். எனக்கு மனசு அவ்வளவு பெரிதில்லை.

டாலஸில் பழைய ஆயுதங்கள் சேர்ப்பவர்களின் சங்கம் ஒன்று இருந்தது. மாதம் ஒரு கூட்டம். முதல் தடவை போனபோது வாசலில், "யாருடன் வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். "துப்பாக்கியுடன்" என்றேன். உள்ளே விட்டார்கள். இருபது ஆண்கள், நான் ஒருத்தி. அக்டோபரில் அவர்கள் நடத்தும் கண்காட்சியில் என் பெயரில் ஒரு மேஜை வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். போட்டிப் பிரிவில், மற்றவர்களுக்குச் சமமாக. சங்கத்தின் செயலாளர் இன்சூரன்ஸ் தொழில் செய்பவர், எல்லாவற்றுக்கும் விதி சொல்பவர். கண்காட்சிக்கு முன் பொருளைத் தானே பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும் என்றார். என்னென்ன பழுது பார்த்தோம் என்று மேஜையில் வைக்கும் அட்டையில் மறைக்காமல் எழுத வேண்டும் என்பதும் விதி. அந்த விதி எனக்கு ரொம்பப் பிடித்தது.

வீட்டில் அது அவ்வளவு சுலபமாக நடக்கவில்லை. மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏழெட்டுத் தமிழ்க் குடும்பங்கள் யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். எங்கள் முறை வந்த அன்று, என்னிடம் சொல்லாமல் என் கணவர் துப்பாக்கியைத் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டார். புலாவுக்கு அரிசி பத்தவில்லை. நான் அடுப்பில் நின்றதால், எங்கள் கூட்டத்தில் மூத்தவரான டாக்டர் வீட்டு அக்கா தானே போய் டின்னில் கையை விட்டார். குழந்தைகளுக்கெல்லாம் அவர் ஆன்ட்டி, எனக்கு அக்கா. கையில் தட்டுப்பட்டதை வெளியே இழுத்துத் துணியைப் பிரித்தார்.

கத்தவில்லை. அதைக் கிச்சன் மேடையில் மெதுவாக வைத்துவிட்டு ஹாலுக்குப் போய் உட்கார்ந்தார். சாப்பாடு முடிந்து எல்லோரும் வெற்றிலை போடுகிற நேரத்தில் பேச்சை எடுத்தார்.

"குழந்தைங்க வந்து போற வீடு. இதெல்லாம் எதுக்கும்மா?"

"அதுல குண்டு கெடையாதுக்கா. போடவும் போறதில்ல."

"அது தெரியும். ஆனா பாக்கறதுக்கே நல்லால்லையே. ஒரு பொம்பள, ஊசி நூல், தோட்டம்னு எத்தன இருக்கு?"

"உங்க வீட்டு சுவத்துல வாள் மாட்டிருக்கீங்களேக்கா."

"அது ராஜஸ்தான்ல வாங்கினது. ஷோவுக்கு."

"இதுவும் ஷோவுக்குத்தான். அக்டோபர்ல. நீங்களும் வாங்க."

அக்காவின் முகம் சுண்டிப்போயிற்று. அடுத்த மாதக் கூட்டத்துக்கு எங்களுக்கு அழைப்பு வரவில்லை. என் கணவர் அதற்காக என்னிடம் சண்டை போட்டார், நான் அரிசி டின்னைப் பற்றிச் சண்டை போட்டேன். இருவருமே ஜெயித்த மாதிரிதான் இருந்தது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது, அதை மறைக்கவில்லை. அந்த ஊரில் எங்களுக்கு வேறு யார் இருந்தார்கள்? அதற்காகத் துப்பாக்கியைத் தூக்கிப்போட முடியாது. வருத்தத்தோடேயே அதற்கு எண்ணெய் போட்டேன்.

அந்த வருடம் ஆயுத பூஜை, செயலாளர் பார்ப்பதாகச் சொன்ன நாளுக்கு இரண்டு நாள் முன்னால் வந்தது. பூஜைக்கு முந்தின நாள் வழக்கம்போல எல்லாவற்றையும் எடுத்து வெளியே வைத்தேன். என் கணவர் கணக்குப் போடும் ஸ்லைடு ரூல், டூல் பாக்ஸ், கார்ச் சாவி, என் பூதக்கண்ணாடி, ராவி வைத்த ஸ்க்ரூ டிரைவர்கள். கூடவே துப்பாக்கி. வேறு எதற்குத்தான் அந்தப் பூஜை? குத்துவிளக்கைத் தேய்க்க மெக்சிகன் கடையில் வாங்கிய புளியைக் கரைத்து வைத்திருந்தேன். விளக்கு தேய்த்தேன், மணி தேய்த்தேன், கற்பூரத் தட்டு தேய்த்தேன். அதே கையோடு, கழற்றி வைத்திருந்த பித்தளை வளையத்தையும் தகட்டையும் எடுத்து, புளியும் உப்பும் போட்டுத் தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவித் துடைத்தேன்.

இரும்பைப் பற்றி அந்தச் சங்கத்தில் எனக்கு ஆயிரம் சொன்னார்கள். மரத்தில் வார்னிஷ் போடாதே என்றார்கள். பித்தளையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாராவது அதைப் போய்த் தேய்ப்பார்கள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. கறுத்த பித்தளையைக் கையில் வைத்துக்கொண்டு தேய்க்காமல் இருப்பார்கள் என்று எனக்கும் தோன்றவில்லை. எந்தத் தமிழ் வீட்டில் பூஜையன்று பித்தளையைக் கறுப்பாக விட்டிருக்கிறார்கள்?

தங்கம்போல மின்னியது. மாட்டிக் கொண்டுவந்து பூஜையில் வைத்தேன். என் கணவர் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவர், துப்பாக்கியிடம் வந்ததும் நின்றார்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார். வாங்கி ஆறு மாதத்தில் அவர் அதைப் பற்றிச் சொன்ன முதல் நல்ல வார்த்தை. "எங்க பொட்டு வெக்கறது?"

"இரும்புல வேணாம், ஈரம் பட்டா துரு புடிக்கும். பித்தளைல வைங்க."

வைத்தார். அன்று எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது.

இரண்டு நாள் கழித்து நாங்கள் இருவருமாகச் செயலாளரின் அலுவலகத்துக்குப் போனோம். அவர் துணியைப் பிரித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "பித்தளையை என்ன செய்தீர்கள்?" என்று கேட்டார்.

புளி என்றேன். அது என்னவென்று விளக்க வேண்டியிருந்தது. அவர் பித்தளைத் தகட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. நூற்றுக்கு மேற்பட்ட வருஷங்களாக அதைப் பிடித்த கைகளும் பட்ட காற்றும் சேர்ந்து கொடுத்த நிறம். பழைய ஆயுதம் சேர்ப்பவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான். இரும்பில் நான் செய்த வேலை தன் ஆட்கள் பலரால் முடியாதது, ஆனால் இந்தப் பளபளப்போடு போட்டிப் பிரிவில் சேர்க்க முடியாது.

ஒரு கோடைக்காலம் முழுக்கப் பென்னியால் சுரண்டி இரும்பில் ஒரு கீறல் விழாமல் காப்பாற்றியவள், கால் மணி நேரத்தில் நார் போட்டு நூறு வருஷத்தைத் தேய்த்துக் கழுவி சிங்க்கில் விட்டிருக்கிறேன். தெரியாமல் செய்ததுதான். அதனால் வலி குறையவில்லை.

என் முகத்தைப் பார்த்து அவருக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். குரலைத் தாழ்த்தினார். தன்னிடம் ஒரு திரவம் இருக்கிறது, இரண்டு நாள் கொடுத்தால் பித்தளையைப் பழையபடி கறுப்பாக்கித் தருவதாகச் சொன்னார். நிறையப் பேர் செய்கிறார்கள், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். போட்டிப் பிரிவிலேயே மேஜை கிடைக்கும்.

"அட்டையில் அதை எழுதலாமா?" என்று கேட்டேன்.

"எழுதினால் பிறகு எதற்குச் செய்வது?" என்றார்.

வேண்டாம் என்றேன். யோசித்துப் பாருங்கள் என்றார். யோசித்துவிட்டேன் என்றேன். ஒரு துண்டுப் பித்தளைக்காக இவ்வளவு பிடிவாதமா என்றார். ஆமாம் என்றேன். அப்படியானால் போட்டிக்கு வெளியே, கதவோரத்தில் ஒரு மேஜை தரலாம், அங்கே யாரும் அதிகம் நிற்க மாட்டார்கள் என்றார். அதைக் கொடுங்கள் என்றேன்.

கார் நின்ற இடத்துக்கு வந்ததும் அழுதேன். என் கணவர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்:

"அவரே பண்ணித் தரேங்கறாரு. குடுத்துடேன். ஆறு மாசம் ஒழைச்சிருக்க."

"ஒட்டாத எடத்துல ஈயம் பூசி பளபளன்னு வர்ற போர்ட தெனம் பத்தாவது திருப்பி அனுப்பறேன். நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு அந்த ஸ்டூல்ல போய் ஒக்காருவேன்?"

அவர் என் பக்கம் வந்தார். கார்க் கதவைத் திறந்துவிட்டார். அது அவர் எப்போதும் செய்கிற காரியம் இல்லை.

கண்காட்சியன்று எங்கள் மேஜை சொன்னபடியே கதவோரத்தில், கழிவறைக்குப் போகும் வழியில் இருந்தது. பச்சைப் பட்டு ரவிக்கைத் துண்டு ஒன்றை விரித்து அதன் மேல் துப்பாக்கியை வைத்தேன். அட்டையை ஆபீஸ் டைப்ரைட்டரில் அடித்திருந்தேன். மேலே என் பெயர். கீழே எந்தத் திருகாணி பழையது, எந்த ஸ்பிரிங் சரிசெய்தது, துரு எப்படி எடுத்தது, எல்லாம். கடைசி வரி இப்படி: "பித்தளை, உரிமையாளரால், பூஜைக்காகப் புளி போட்டுத் தேய்க்கப்பட்டது. பழைய நிறம் தானாக வர நூறு வருடம் ஆகும். உரிமையாளருக்கு அவசரம் இல்லை."

கழிவறைக்குப் போகிறவர்கள் எல்லோரும் நின்றார்கள். படித்தார்கள். சிலர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. சிலர் சிரித்தார்கள். ஒருவர் போய் இன்னும் இருவரைக் கூட்டிவந்தார். அன்று முழுக்க நான் எத்தனை பேருக்குப் புளி என்றால் என்னவென்று சொன்னேனோ தெரியாது.

மத்தியானம் போலத் தொப்பி போட்ட ஒருவர் வந்து நின்றார். சந்தையில் எனக்கு விற்றவரேதான் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. இல்லை, தொப்பி மட்டும் அதே மாதிரி. துப்பாக்கியைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் ஃபிளாஸ்க்கில் காபியோடு உட்கார்ந்திருந்த என் கணவரிடம், "சார், இது வேலை செய்யுமா?" என்றார்.

என் கணவர் தலையைக்கூட முழுசாக நிமிர்த்தவில்லை. "எனக்குத் தெரியாது. அவளுடையது. அவளைக் கேளுங்கள்" என்றார்.

அவர் என் பக்கம் திரும்பினார். நான் துப்பாக்கியை எடுத்துக் குழலைத் தரைப்பக்கம் திருப்பி, குதிரையை இழுத்தேன். பாதியில் ஒரு கிளிக், முழுசாக ஒரு கிளிக். கட்டைவிரலால் பிடித்தபடியே மெதுவாக இறக்கி வைத்தேன். "செய்யும்" என்றேன்.

அடுத்த வருடம் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் டாக்டர் வீட்டு அக்கா வந்திருந்தார். கோபம் தணிந்ததோ, எங்கள் வீட்டுப் புலாவ் இல்லாமல் முடியவில்லையோ, நான் கேட்கவில்லை. கிச்சனில் விளக்குக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அக்கா டூல் பாக்ஸுக்குப் பக்கத்தில் இருந்த துப்பாக்கியைத் தானாகவே எடுத்தார். பளபளப்புப் போய்ப் பித்தளை லேசாக மங்கத் தொடங்கியிருந்தது.

"என்னம்மா இது, நாளைக்குப் பூஜ, இப்படி வெச்சிருக்க? அந்தப் புளியக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளு."

"அத கீழ வைங்கக்கா" என்றேன். "ஒரு வருஷந்தான் ஆயிருக்கு. இன்னும் தொண்ணூத்தொம்பது பாக்கி இருக்கு."